மலைத்தோட்டத்துக்கு ஏடிவி வாங்குவது எப்படி: இறக்கத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பழனி மலையின் கீழ்மலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தார்ச்சாலை ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் ஜீப் போகிற மண்பாதை. அதுவும் முடிந்தபின் குதிரைப்பாதை. காப்பி, மிளகு, மலைவாழை எல்லாம் பெரும்பாலும் அந்தக் குதிரைப்பாதையின் கடைசியில்தான் இருக்கும். மூட்டையைக் கீழே கொண்டுவர ஆள் கூலி, குதிரைக் கூலி என்று கொடுத்துக் கொடுத்துக் களைத்தபிறகுதான் பலருக்கும், கரடுமுரடான பாதையில் ஹேண்டில் பிடித்து ஓட்டுகிற இந்த நாலு சக்கர வண்டியான ஏடிவி மேல் கண் போகிறது.

என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எடுக்கலாம்?" என்று. நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் பாதையில் எங்கே இறங்குவீர்கள், எவ்வளவு பாரத்தோடு இறங்குவீர்கள்?" என்று. வெறும் வண்டியாக மேலே ஏறி, பாரத்தோடு கீழே வருவதுதான் நம் மலைத்தோட்ட வேலை. ஆகவே இறங்கத் தெரிந்த வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல எஞ்சின் உள்ள எந்தப் பெரிய வண்டியும் ஏறிவிடும். நிதானமாக இறங்குகிற வண்டிகள் அதில் பாதிகூடத் தேறாது.

இந்த வண்டியின் பிறவிக் குணம் கவிழ்வது. ஹோண்டா 1970-இல் மூன்று சக்கரத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. 1982-இல் சுசுகி நாலு சக்கரத்தில் குவாட்ரன்னரை விற்கத் தொடங்கியது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988-இல் அமெரிக்காவில் கம்பெனிகள் அவற்றின் விற்பனையையே நிறுத்த ஒப்புக்கொண்டன. நாலாவது சக்கரம் வந்ததும் நிலைமை மேம்பட்டது, ஆனால் ஆபத்து நீங்கிவிடவில்லை. அகலம் குறைவு, உயரம் அதிகம், ஓட்டுகிறவர் அதற்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். கீழே நான் சொல்கிற ஒவ்வொரு படியும் இதை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: ஷோரூமுக்குப் போகுமுன் பாதையை அளந்துவிடுங்கள்

சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டை, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டேப் போதும். பாதையின் செங்குத்தான இடத்தில் கட்டையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் ஊன்றி, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கிப் பிடியுங்கள். தூக்கிய முனையிலிருந்து தரைவரை டேப்பில் அளங்கள். 27 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 15 டிகிரி. 36 வந்தால் 20 டிகிரி. 47 வந்தால் 25 டிகிரி. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற இடம் அளந்து பார்த்தால் 20 டிகிரியைத் தாண்டி நிற்கும்.

இப்படிப் பாதை நீளத்துக்கு மட்டுமல்ல, குறுக்குவாட்டிலும் அளக்க வேண்டும். மழை அரித்து ஒரு பக்கம் சாய்ந்துபோன பாதைதான் நமக்கு எமன். ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் இந்த வண்டிக்கு அடியில் சிக்கிச் சாவது தொடர்ந்ததால், 2019-இல் ஒரு பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். அதன்படி பொதுவேலைக்கான வண்டி பக்கவாட்டில் குறைந்தது 28.81 டிகிரி சாய்வு வரை கவிழாமல் நிற்க வேண்டும். அது வண்டி அசையாமல் நிற்கும்போது எடுக்கிற அளவு. ஓடும்போது ஒரு சக்கரம் கல்லில் ஏறி, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பத்து டிகிரி அங்கேயே போய்விடும். ஆகவே உங்கள் பாதையின் குறுக்குச் சாய்வு 15 டிகிரியைத் தாண்டுகிற இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். அங்கே முதலில் மண்வெட்டி வேலை. வண்டியெல்லாம் அதற்கு அப்புறம்.

கடைசியாக அகலம். பெரிய ஏடிவிகள் பெரும்பாலும் 120 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் சைட் பை சைடு வண்டிகளில் பல 150 சென்டிமீட்டரைத் தொடும். குதிரை போகிற இடுக்கெல்லாம் வண்டி போகாது. நான் அளக்கப் போனபோது இந்தப் பாதையில் பல வருஷம் பொதி ஏற்றிய குதிரைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப் போனேன். எந்த வளைவில் குதிரை தானாக நின்று மூச்சு வாங்கும், எங்கே அதன் கால் வழுக்கும் என்று அவர் காட்டிய இடங்களும் என் டேப் பெரிய எண் காட்டிய இடங்களும் ஒன்றாகவே இருந்தன.

இரண்டாம் படி: வேலைக்கா, விளையாட்டுக்கா?

இரண்டுக்கும் ஒரே வண்டி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளையாட்டு வண்டி எடை குறைவு, தாழ்வான உடம்பு, பின்சக்கர இழுவை மட்டும், செயின், கையால் பிடிக்கும் கிளட்ச். யமஹா ராப்டர் 700 இதற்கு நல்ல உதாரணம்: 686 சிசி எஞ்சின், எடை 200 கிலோவுக்குள். ஏறக்குறைய அதே அளவு எஞ்சினை யமஹாவின் வேலை வண்டியான கிரிஸ்லி 700-இல் வைத்தால் எடை 300 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நாலு சக்கர இழுவை, முன்னும் பின்னும் பாரம் வைக்கும் ரேக், லோ கியர், டிரெய்லர் கொக்கி எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு எடை வரத்தான் செய்யும்.

ராப்டர் மாதிரி வண்டியில் மூட்டை கட்டவே இடமில்லை. கட்டினாலும் பின்பாரம் ஏறி முன்சக்கரம் தூக்கும். வேலை வண்டியில் விளையாடலாமா என்றால், மெதுவாக மேடு பள்ளம் ஏறி இறங்கி மகிழலாம், குதிக்க வைக்கக்கூடாது. விளையாட்டுதான் உங்கள் ஆசை என்றால் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள். சொந்த நிலம், அல்லது எழுத்தில் அனுமதி கிடைத்த தனியார் தோட்டம், இந்த இரண்டைத் தவிர வேறு இடம் இந்த மலையில் கிடையாது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் மலைக்காட்டின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. மேல்மலையின் புல்வெளி காலியிடம் மாதிரி தெரியும். அந்தப் புல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சோலைக்குள் ஓடையாக விடுகிறது. கரடுமுரடான டயர் ஒருமுறை கிழித்த தடத்தில் அடுத்த மழையில் வாய்க்கால் விழுந்துவிடும். நம் ஊற்றுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் இதை நான் கோபத்தோடேதான் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ஆக்சிலேட்டரை விட்டால் என்ன ஆகிறது?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய ஏடிவிகளில் அதிகமானவை ஸ்கூட்டர் போல பெல்ட்டில் ஓடுகிறவை. எஞ்சின் வேகம் குறைந்தால் கிளட்ச் பெல்ட்டை விட்டுவிடும். அப்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட மாதிரி வண்டி ஓடத் தொடங்கும். இதைத் தடுக்கக் கிளட்சுக்குள் ஒருவழி பேரிங் ஒன்று வைப்பார்கள். ஆக்சிலேட்டரை விட்டாலும் அது பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினே வண்டியை இழுத்து நிறுத்தும்படி செய்யும். எஞ்சின் பிரேக்கிங் என்று விளம்பரத்தில் எழுதுவது இதைத்தான். வண்டிக்கு வண்டி, மாடலுக்கு மாடல் இது இருக்கும் அல்லது இருக்காது. ஒரே பெயரில் வரும் விலை குறைந்த மாடலில் விட்டுவிட்டு, விலை கூடிய மாடலில் வைப்பதும் உண்டு.

அடுத்த கேள்வி, அந்தப் பிடிப்பு எத்தனை சக்கரத்துக்குப் போகிறது என்பது. சில வண்டிகளில் பின்சக்கரம் வழுக்கினால் மட்டும் முன்சக்கரம் தானாக இழுவையில் சேரும். ஏற்றத்துக்கு அருமையான ஏற்பாடு. இறக்கத்தில் முன்சக்கரம் சும்மா உருளும், பிடிப்பு பின்சக்கரத்துக்கு மட்டும்தான். செங்குத்தான இறக்கத்தில் எடையெல்லாம் முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரம் லேசாகிவிடும், லேசான சக்கரத்தில் பிடித்தால் அது வழுக்கும். போலாரிஸ் கம்பெனி இதற்காகவே சில மாடல்களில் மட்டும் இறக்கக் கட்டுப்பாடு என்று தனியாக ஓர் அமைப்பை வைத்து, நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பிடிப்பைக் கொண்டுபோகிறது. கிரிஸ்லியில் பட்டனை அழுத்தினால் முன் ஆக்சில் நேராகவே சேர்ந்துவிடுகிறது, நாலு சக்கரமும் பிடிக்கும். ஹோண்டாவின் ஃபோர்மேன், இப்போதைய ரூபிகான் வரிசையில் பெல்ட்டே கிடையாது, கியர்தான். இறக்கத்துக்கு அதைவிட நம்பிக்கையானது வேறில்லை என்பது என் கருத்து.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதலில் வாங்கிய பழைய வண்டியில் அந்த ஒருவழி பேரிங் தேய்ந்துபோயிருந்தது. விற்றவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நவம்பர் மாதம், காப்பிப் பழம் எடுக்கிற நேரம், முந்தின இரவு நல்ல மழை. பின் ரேக்கில் ஒரு மூட்டையோடு இறங்குகிறேன். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதி இன்றும் காதில் நிற்கிறது. பிரேக்கைப் பிடித்தால் நாலு சக்கரமும் நின்றபடி சேற்றில் சறுக்குகிறது, விட்டால் வண்டி பறக்கிறது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பி, மிளகுக்கொடி ஏறியிருந்த முள்முருங்கை மரத்தில் சாய்ந்துதான் நின்றேன். மூட்டை முன்னால் வந்து முதுகில் இடித்தது. அவ்வளவோடு போயிற்று.

சோதிப்பது சுலபம். லோ கியரில் போட்டு, பத்துப் பதினைந்து டிகிரி இறக்கத்தில் மெதுவாக இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுதும் விடுங்கள், கை பிரேக் மேல் தயாராக இருக்கட்டும். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு இழுத்துப் பிடித்து, எஞ்சின் முனகல் கேட்டால் நல்லது. சத்தம் அடங்கி வேகம் கூடினால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான்காம் படி: எஞ்சின்

உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், எஞ்சின் பலம் குறையும். கணக்கு ஏறக்குறைய 300 மீட்டருக்கு 3 சதவீதம். 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ எடுத்துக்கொண்டால் 567 சிசி, 44 குதிரைத்திறன். மேலே அது 35-க்குப் பக்கத்தில்தான் வேலை செய்யும். கீழ்மலைக்கு அது தாராளம், மேல்மலையில் வேலைக்கும் போதும். ஆயிரம் சிசி வண்டி நம் பாதைக்குத் தேவையே இல்லை. கூடுதல் எடையைச் சுமந்து இறங்குவதுதான் மிச்சம். 500 முதல் 700 சிசி வரை தேடுங்கள். கார்புரேட்டர் வண்டியென்றால் உயரத்துக்கு ஏற்ப, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டும், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். பவர் ஸ்டியரிங் வசதி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாலும் எடுங்கள். நாள் முழுதும் கல்லில் ஓட்டினால் மாலையில் மணிக்கட்டு சொல்லும்.

ஐந்தாம் படி: பாரம்

ரேக்கில் எவ்வளவு வைக்கலாம் என்று வண்டியிலேயே ஒட்டியிருக்கும். 570 மாதிரி வண்டியில் முன் ரேக்குக்கு 41 கிலோ, பின் ரேக்குக்கு 82 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை பின்னால் ஒன்றுதான், இரண்டு கிடையாது. நானும் தொடக்கத்தில் இரண்டு வைத்தேன். முன்சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் திருப்பிய பக்கம் வண்டி திரும்பவில்லை.

டிரெய்லர் இழுக்கலாமே என்று தோன்றும். இழுவைத் திறன் 500, 600 கிலோ என்று போட்டிருப்பது சமதளத்துக்கு. இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், வளைவில் வண்டியை மடக்கிப் பள்ளத்தில் போடும். 15 டிகிரிக்கு மேல் இறக்கமுள்ள பாதையில் டிரெய்லரை நினைக்கவே வேண்டாம். உங்கள் தோட்டம்வரை ஜீப் போகிறதென்றால் பாரத்துக்கு ஜீப்தான் சரி, ஏடிவி வாங்கவே தேவையில்லை. ஜீப் நிற்கிற இடத்துக்கும் காப்பிச் செடிக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒன்று இரண்டு கிலோமீட்டருக்குத்தான் இது.

பின் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் வண்டிகள் உண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் உள்ளவையும் உண்டு. ஒரே தண்டு பாரத்தில் ஆடாது, ஆனால் நடுவில் கல் இடிக்கும். தனி சஸ்பென்ஷன் கல்லைத் தாண்டும், சொகுசு, பக்கச் சரிவில் கொஞ்சம் அலையும். நம் பாதையில் கல் அதிகம் என்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

நீளமான சீட்டைப் பார்த்து இன்னொரு ஆளை ஏற்றாதீர்கள். ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றத்தான் அந்த நீளம். இரண்டு பேருக்கென்றே செய்த மாடல்கள் தனியாக இருக்கின்றன. அறுவடைக்கு வரும் ஆட்களை ஏற்றி இறக்க வேண்டுமென்றால், பாதை அகலம் இருந்தால், சீட் பெல்ட்டும் மேலே கம்பிக்கூண்டும் உள்ள சைட் பை சைடு வண்டியைப் பாருங்கள்.

ஆறாம் படி: டயர், காற்று, வின்ச்

இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ காற்றுதான். பங்க்சர் கடையில் இருக்கும் மீட்டர் அவ்வளவு கீழே ஒழுங்காகக் காட்டாது. ஒருமுறை கடைப் பையன் கார் டயர் என்று நினைத்து 25 வைத்துவிட்டான். டயர் பந்துபோல நின்றது, கல்லில் பட்டதெல்லாம் துள்ளியது, ஈரப் பாறையில் ஒட்டவே இல்லை. குறைந்த அழுத்தம் காட்டும் சின்ன கேஜ் ஒன்றும் கைப்பம்பும் வண்டியோடே வாங்கிவிடுங்கள். சேற்றுக்கென்று ஆழமான பல் வைத்த டயர் வேண்டாம், அது பாதையைத் தோண்டிப்போடும். எல்லாத் தரைக்குமான நடுத்தரப் பல், ஆறு அடுக்கு, இது நம் மண்ணுக்குப் போதும்.

வின்ச், அதாவது சிக்கிய வண்டியை வடத்தால் இழுத்து மீட்கும் மோட்டார் உருளை, அலங்காரப் பொருள் அல்ல. பாரத்தோடு சேர்த்த வண்டி எடையின் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும். மரத்தில் கட்டும்போது கம்பி வடத்தை நேராகச் சுற்றாமல் அகலமான பட்டையைப் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நிழல் மரத்தின் பட்டை உரிந்துவிடும்.

ஏழாம் படி: காகிதம்

நம் நாட்டில் விற்கும் ஏடிவிகளில் பெரும்பாலானவை பொதுச்சாலைக்கானவை அல்ல. பதிவெண் கிடையாது, தார்ச்சாலையில் கால்வைத்தால் குற்றம். டிராக்டர் வகையில் பதிவு செய்யும்படி ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ போலாரிஸ் கொண்டுவந்ததுண்டு. உங்கள் தோட்டம் சாலைக்கு இரண்டு பக்கமும் இருந்தால், வண்டி சாலையைக் கடந்தாக வேண்டும். அப்படியானால் பதிவு செய்யக்கூடிய மாடல்தானா என்ற சான்றை எழுத்தில் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். வாய்ப்பேச்சில் "பண்ணிக்கலாம் சார்" என்பதை நம்ப வேண்டாம்.

பழைய வண்டியென்றால் இறக்குமதி ரசீது அல்லது முதல் பில் கட்டாயம் வேண்டும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். அடித்தகடு நசுங்கியிருக்கிறதா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா, ஆக்சில் முனையிலுள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, பெல்ட் பெட்டியில் கருகிய வாடை வருகிறதா, ஆயில் பால்காப்பி நிறத்தில் இருக்கிறதா. பால்காப்பி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மணி மீட்டரையும் கிலோமீட்டரையும் சேர்த்துப் படியுங்கள். 400 மணி நேரத்தில் 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தால் சராசரி வேகம் ஐந்துதான். எங்கேயோ ஒரே வட்டத்தில் வாடகைக்குச் சுற்றிய வண்டியாக இருக்கலாம்.

பெல்ட், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் மூன்றும் எந்த ஊரில், எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வண்டி வாங்கும் அன்றே இரண்டு பெல்ட் கூடுதலாக வாங்கி வையுங்கள். லோ கியரில் போக வேண்டிய இடத்தில் ஹை கியரில் ஏறினால் பெல்ட் கருகும், அதையும் வேலையாளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

எட்டாம் படி: ஓட்டப் பழகுவது

ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை. தோட்டத்துக்குள்தானே என்று ஹெல்மெட்டை விடாதீர்கள், சரிவில் கவிழ்ந்தால் தலைதான் கல்லில் படும். பின்னால் பொருத்தும் கவிழ்வுக் காப்புக் கம்பியை ஆஸ்திரேலியா 2021 அக்டோபரிலிருந்து பொதுவேலைக்கான புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. நான் என் வண்டிக்குப் போட்டிருக்கிறேன். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெரிய வண்டியைத் தரவே கூடாது.

இறங்குமுன் நின்று லோ கியர் போடுங்கள், பாதியில் மாற்ற முடியாது. பின்பக்கம் நகர்ந்து உட்காருங்கள். நேராக இறங்குங்கள், சரிவுக்குக் குறுக்கே திரும்ப வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோனால் பின்னால் உருளவிடாமல் பிரேக்கைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் காலை வைக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வண்டியை எடுக்க மாட்டேன் என்று நான் வைத்திருக்கிறேன். காட்டுமாடும் யானையும் அந்த நேரத்தில் பாதையில் நிற்கும், எஞ்சின் சத்தத்தில் அவற்றின் சத்தம் நமக்குக் கேட்காது.

புது வண்டியென்றால் முதல் 25 மணி நேரம் முழு ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள், முழுப் பாரமும் வேண்டாம். பெல்ட் பதமாவதும் அந்த நேரத்தில்தான். அது முடிந்ததும் ஆயில் மாற்றி, சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிடுங்கள். முதல் பாரத்தை அரை மூட்டையாகக் கட்டி, மழை பெய்யாத நாளில், சுண்ணாம்புக் குறி போட்ட இடங்கள் ஒவ்வொன்றிலும் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். குதிரைக்காரர் காட்டிய அந்த வளைவில் நான் இன்றும் நிறுத்தித்தான் போகிறேன்.